ஜெர்மன் படிக்க மூன்று வழிகள்: நான் ஏன் டெல்லிக்குப் போனேன்

பிளஸ் டூ ரிசல்ட் வரும் மாதத்தில் எனக்கு வரும் போன்களில் பாதி ஒரே கேள்வியோடுதான் வரும். "பொண்ணுக்கு ஜெர்மன்ல ஆர்வம் மேடம். பி.ஏ. ஜெர்மன் சேர்க்கலாமா, இல்ல பி.காம். சேர்த்துட்டு சனி ஞாயிறு கிளாஸ் அனுப்பலாமா, இல்ல நேரா ஜெர்மனிக்கே அனுப்பிடலாமா?" 2015-ல் இதே மூன்று வழிகளும் என் முன்னால் இருந்தன. நான் திருச்சியிலிருந்து டெல்லிக்குப் போய் பி.ஏ. ஹானர்ஸ் ஜெர்மன் எடுத்தேன், அங்கேயே எம்.ஏ.வும் முடித்தேன். இன்று சென்னையில் ஜெர்மன் சொல்லிக்கொடுக்கிறேன். என் சாய்வு எந்தப் பக்கம் என்று இப்போதே புரிந்திருக்கும். அதை மனதில் வைத்துக்கொண்டே மேலே படியுங்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஜெர்மனியில் இன்ஜினியர் வேலையோ நர்ஸ் வேலையோ பார்ப்பதுதான் நோக்கம் என்றால் ஜெர்மன் பட்டம் வேண்டாம். நர்ஸாகப் பதிவு செய்யவே பெரும்பாலும் பி2 நிலைச் சான்றிதழ் போதும் (ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2 என்று மொழித்திறனுக்கு ஆறு படிகள், பி2 நாலாவது). அவர்களுக்குச் சனி ஞாயிறு வகுப்பே சரியான வழி. கீழே சொல்வதெல்லாம் இந்த மொழியையும் அதன் இலக்கியத்தையும் வரலாற்றையும் படிப்பாகவே எடுத்து, அதையே தொழிலாகவும் ஆக்கிக்கொள்ள நினைப்பவர்களுக்கு.

ஜெர்மனிக்கே போவதிலிருந்து தொடங்குகிறேன், ஆசை அங்கேதான் முதலில் போகும். அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணம் கிடையாது. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் முக்கியமான விதிவிலக்கு: ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் 2017 முதல் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறார்கள். ஹைடல்பெர்க், டூபிங்கன் எல்லாம் அந்த மாநிலத்தில்தான் வரும். கட்டணம் இல்லாத ஊராக இருந்தாலும் விசாவுக்கு முன் ஒரு வருடச் செலவுக்கான 11,904 யூரோவை, மாதம் ஒரு பங்காக மட்டுமே எடுக்க முடிகிற முடக்கப்பட்ட கணக்கில் போட்டுக் காட்ட வேண்டும். நம் பணத்தில் 12 லட்சத்தை ஒட்டி வரும். 2022 நவம்பரிலிருந்து, நம் கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏபிஎஸ் சான்றிதழும் வேண்டும்.

பணம் ஒரு பக்கம் இருக்கட்டும். நம் பிளஸ் டூ மட்டும் வைத்துக்கொண்டு பொதுவாக அங்கே நேரடியாக பி.ஏ. சேர முடியாது. ஸ்டூடியன்கோலெக் என்ற ஆயத்தப் படிப்பில் ஒரு வருடம் படித்து அதன் தேர்வில் தேற வேண்டும், அல்லது இங்கே ஒரு கல்லூரியில் முதல் வருடத்தையாவது முடித்திருக்க வேண்டும். அதற்கு மேல், ஜெர்மன் இலக்கியத்தை ஜெர்மன் மொழியிலேயே படிக்க டெஸ்ட்டாஃப் தேர்வில் நான்கு பகுதிகளிலும் நாலாம் நிலை, அல்லது பல்கலைக்கழகங்களே நடத்தும் டிஎஸ்ஹெச் தேர்வில் இரண்டாம் நிலை கேட்பார்கள். ஏறத்தாழ சி1 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆக, அங்கே போய்க் கற்றுக்கொள்ளலாம் என்று நினைக்கிற மொழியை இங்கேயே பெரும்பாலும் கற்று முடித்திருக்க வேண்டும்.

போன பிறகு படிக்கிற பாடமும் நம் பிள்ளைகள் நினைப்பதுபோல் இருக்காது. கெர்மானிஸ்டிக் என்பது ஜெர்மன் தாய்மொழிக்காரர்களுக்காக அமைந்த படிப்பு. நம் ஊரில் பி.ஏ. தமிழ் எப்படியோ அப்படி. நவீன இலக்கியம், மொழியியல், இடைக்கால இலக்கியம் என்று மூன்று கிளைகள். மூன்றாவது கிளையில் இடைக்கால ஜெர்மன் கற்று, சுமார் 1200-ல் எழுதப்பட்ட நீபெலுங்கன் காவியம் போன்றவற்றை மூலத்தில் படிக்க வேண்டும். அதில் ‘ஹோஹ்கெசீத்’ என்று வந்தால் எந்தத் திருவிழாவுக்கும் பொருந்தும், இன்றைய ‘ஹோஹ்சைட்’ என்றாலோ திருமணம் மட்டும்தான். சங்கப் பாட்டில் நறுமணம் என்ற பொருளில் வரும் ‘நாற்றம்’ இன்று என்ன ஆனது என்று பாருங்கள், அதே கதை. எனக்கு இந்த மாதிரி விஷயம் உயிர். ஆனால் இன்றைய ஜெர்மனிலேயே தடுமாறும் இருபது வயதுப் பிள்ளைக்கு இது இரட்டைச் சுமை. இதை அங்கே எம்.ஏ. படித்த என் விடுதித் தோழி சொன்னதை வைத்துத்தான் எழுதுகிறேன். என் சொந்த ஜெர்மனி அனுபவம் நாலு வாரக் கோடை வகுப்பு மட்டுமே. பாடம் நடத்துவதுதான் ஆசை என்றால் கெர்மானிஸ்டிக்கைவிட ‘அந்நிய மொழியாக ஜெர்மன்’ என்ற துறையைப் பாருங்கள். லைப்சிக்கில் வெளிநாட்டு மாணவர்களுக்கு ஜெர்மன் கற்பிக்க 1956-ல் தொடங்கிய ஹெர்டர் இன்ஸ்டிட்யூட் அதற்குப் பெயர் பெற்றது. அதையும் முதுநிலையில் பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்தது சனி ஞாயிறு வழி. பி.காமோ பி.ஏ. ஆங்கிலமோ சேர்ந்துவிட்டு, நுங்கம்பாக்கம் மேக்ஸ் முல்லர் பவன் போன்ற இடத்தில் ஏ1-லிருந்து படிப்படியாக ஏறுவது. செலவு கையடக்கம், வீட்டிலிருந்தே போய் வரலாம், கையில் இன்னொரு பட்டமும் இருக்கும். பெற்றோருக்கு இதுதான் பிடிக்கும். அதில் தப்பும் இல்லை.

என் முடிவை மாற்றியது ஒரு சின்னக் கணக்கு. பி2 தொட 45 நிமிட வகுப்புகள் 600 முதல் 800 வரை, சி1-க்கு 800 முதல் 1,000 வரை என்பது மேக்ஸ் முல்லர் பவனின் தாய் நிறுவனமான கதே இன்ஸ்டிட்யூட்டே தரும் தோராயக் கணக்கு. வாரக் கடைசியில் ஆறு மணி நேரம் என்றால் எட்டு வகுப்பு. காகிதத்தில் இரண்டு வருடத்தில் பி2 வந்துவிடும், மூன்று வருடப் பட்டத்துக்குள் எல்லாம் அடங்கிவிடும்போல் தெரியும். ஆனால் வாழ்க்கை அப்படித் தொடர்ச்சியாகப் போவதில்லை. என்னோடு பள்ளியில் படித்தவள் சென்னையில் இந்த வழியைத்தான் எடுத்தாள், என்னைவிடக் கெட்டிக்காரி. இரண்டாம் வருடத் தொடக்கத்திலேயே பி1 முடித்துவிட்டாள். பிறகு நவம்பரில் செமஸ்டர் தேர்வு, ஜனவரியில் அக்கா கல்யாணம், ஏப்ரலில் மறுபடி தேர்வு. எட்டு மாதம் கழித்து வகுப்புக்குத் திரும்பியபோது நிலைத் தேர்வு எழுதச் சொன்னார்கள். ஏ2-வின் கடைசிக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். அழுதுகொண்டே போன் செய்தாள்.

இது அவளுக்கு மட்டும் நடந்ததில்லை. இத்தனை வருடத்தில் என் மாணவர்களிடம் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். ஏ1, ஏ2 எல்லாம் மனப்பாடத்தில் நிற்கும். பி1-க்கும் சி1-க்கும் நடுவில்தான் மொழி ஒழுகும். அந்தக் கட்டத்தில் கற்பது சொல்லாக இல்லாமல் பழக்கமாக இருக்கிறது: எந்த வினையோடு எந்த முன்னிடைச்சொல் போகும், எந்த இடத்தில் எந்தத் தொனி என்பதெல்லாம் தினமும் காதில் விழுந்து, தினமும் எழுதித் திருத்தம் வாங்கி, அப்புறம்தான் படியும். அடுப்பை அணைத்து அணைத்துப் பற்றவைத்தால் அரிசி வேகாது.

டெல்லியில் எங்களுக்கு அடுப்பு அணையவே இல்லை. ஜெர்மன் ஒரு எழுத்துகூடத் தெரியாமல்தான் சேர்ந்தேன். முதல் வருடம் வாரத்துக்குப் பதினைந்து மணி நேரத்துக்கு மேல் ஜெர்மன் வகுப்பு. அதற்குமேல் மெஸ் மேசையிலும் ஜெர்மன்தான், ஏனென்றால் மறுநாள் எல்லோருக்கும் அதே பாடம். முதல் வருடக் கடைசியில் பி1, இரண்டாம் வருடக் கடைசியில் பி2 என்று சொல்லலாம். மூன்றாம் வருடம் ஆசிரியர்கள் ஜெர்மன் இலக்கணத்தை விட்டுவிட்டு ஜெர்மனியைப் பற்றி ஜெர்மனில் பேச ஆரம்பித்தார்கள்: 1945-க்குப் பிந்தைய இலக்கியம், நாடு பிரிந்ததும் 1990-ல் சேர்ந்ததும், மொழிபெயர்ப்பு. மொழி அப்போதுதான் கருவியானது.

அங்கே எனக்குக் கிடைத்த ஒரு சந்தோஷத்தைச் சொல்ல வேண்டும். ஜெர்மனில் கட்டுரை நடை ஏறும்போது ‘தஸ் கெஸ்டெர்ன் ஃபோன் மிர் கெகௌஃப்டெ பூஹ்’ என்ற மாதிரி வாக்கியம் வரும். ‘நேற்று நான் வாங்கிய புத்தகம்’. பெயருக்கு முன்னால் முழுச் செய்தியையும் அடுக்குவது. ஆங்கிலம் வழியாக யோசித்தவர்கள் இதில் திணறினார்கள். தமிழ்ப் பிள்ளைக்கு இது பிறந்த வீடு. துணைவாக்கியத்தில் வினை கடைசியில் போய் நிற்பதும் அப்படியே. ஆனால் இந்த லாபம் கைக்கு வருவது மேல்நிலைகளில்தான், பாதியில் நின்றவர்களுக்குத் தெரியாமலே போய்விடுகிறது.

செலவு? மத்தியப் பல்கலைக்கழகம் என்பதால் நான் கட்டிய கல்விக் கட்டணம் ஆண்டுக்குச் சில நூறு ரூபாய்தான். விடுதி, சாப்பாடு, ரயில் டிக்கெட் தனி. நான் தனி நுழைவுத் தேர்வு எழுதினேன். 2022 முதல் ஜேஎன்யுவுக்கும் (ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகம்) டெல்லிப் பல்கலைக்கழகத்துக்கும் க்யூட் என்ற பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். ஹைதராபாத் இஎஃப்எல்யு (ஆங்கிலம், அயல்மொழிகளுக்கான பல்கலைக்கழகம்), புனே ரானடே இன்ஸ்டிட்யூட் இரண்டிலும் ஜெர்மன் உண்டு. அங்கே படித்தவர்களோடு வேலை பார்த்திருக்கிறேன், மொழியில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. வகுப்பறை எப்படி என்று அவர்களைத்தான் கேட்க வேண்டும்.

பட்டத்தின் பலவீனத்தையும் மறைக்க மாட்டேன். பி.ஏ.வோடு நின்றால் முதல் வேலை பெரும்பாலும் ஏதாவது கம்பெனியின் ஜெர்மன் வாடிக்கையாளர் பிரிவாகத்தான் இருக்கும். மொழிபெயர்ப்பையே நம்பலாம் என்று என் மாணவர்களிடம் இப்போது சொல்வதில்லை. தொடக்கநிலை வேலைகளை இயந்திரம் எடுத்துக்கொள்வதைக் கண்ணால் பார்க்கிறேன். கல்லூரியில் பாடம் நடத்த பொதுவாக எம்.ஏ.வில் 55 சதவீதமும் ஜெர்மன் பாடத்தில் நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வும் வேண்டும். ஆக மனதளவில் ஐந்து வருடத்துக்குத் தயாராகுங்கள். ஆனால் பட்டத்தின் பலமும் அங்கேதான்: கல்லூரி வேலைக்காக அந்த நெட் தேர்வை எழுத சி2 சான்றிதழ் மட்டும் வைத்திருப்பவரால் முடியாது. ஜெர்மன் எம்.ஏ. வேண்டும்.

இரண்டாம் வருட விடுமுறையில் உதவித்தொகையில் அந்த நாலு வாரக் கோடை வகுப்புக்குப் போனபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹாலே நகரத்துக்கு ரயில் ஏறினேன். 1706-ல் மதம் பரப்பத் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்க் அங்கே படித்தவர். அந்த ஊரில் உள்ள ஃபிராங்கே அறக்கட்டளையில் நம் ஓலைச்சுவடிகள் இருக்கின்றன. தரங்கம்பாடியிலிருந்து போன கடிதங்களும் அங்கேதான், பழைய ஜெர்மன் கையெழுத்தில். சுவடியை எழுத்துக்கூட்டி வாசித்தேன். கடிதத்தில் ஒரு வரிகூட ஓடவில்லை. அந்தக் கையெழுத்தைப் படிக்க எம்.ஏ.வில்தான் கற்றுக்கொண்டேன்.