என்95 என்று அச்சடித்திருப்பதை மட்டும் பார்த்து மாஸ்க் வாங்காதீர்கள்

கல்முனையில் என் தம்பிக்குத் தளபாடப் பட்டறை இருக்கிறது. தேக்கு, முதிரை எல்லாம் சாண்ட் பேப்பர் போட்டுத் தேய்த்து, கடைசியில் தின்னர் கலந்து லாக்கர் ஸ்ப்ரே அடிப்பான். இரண்டு மாதமாக இருமல் விடவில்லை. நல்ல மாஸ்க் வாங்கிக் கொடுப்போம் என்று மட்டக்களப்பு டவுனில் ஒரு ஹாட்வெயார் கடைக்குப் போனேன். "என்95 தம்பி, தூளும் பிடிக்கும், தின்னர் மணமும் பிடிக்கும்" என்றார் கடைக்காரர். ஒன்று 450 ரூபாய் படி பத்து வாங்கினேன்.

முதல் நாள் மாலை தம்பி மாஸ்க்கைக் கழற்றியபோது பக்கத்தில் நின்றேன். மூக்குத் தண்டின் இரண்டு பக்கமும் கண்ணுக்குக் கீழே வரை மரத்தூள் கோடாகப் படிந்திருந்தது. மாஸ்க்கின் உள்பக்கத்திலும் அதே தூள். அவன் இழுத்த மூச்செல்லாம் அந்த இடைவெளி வழியாகத்தான் போயிருக்கிறது.

பிறகுதான் மாஸ்க்கைத் திருப்பிப் பார்த்தேன். என்95 என்ற எழுத்தைத் தவிர எதுவும் இல்லை. அமெரிக்காவின் நியோஷ் நிறுவனம் அங்கீகரித்த என்95 என்றால் தயாரிப்பாளர் பெயர், நியோஷ் என்ற எழுத்து, டிசி-84ஏ என்று தொடங்கும் இலக்கம் எல்லாம் மாஸ்க்கிலேயே இருக்கும். பட்டியும் தலையைச் சுற்றி இரண்டு வரும். இதில் காதில் மாட்டும் நூல்தான்.

அசல் என்95 ஆக இருந்திருந்தாலும் தின்னருக்கு உதவாது. அது காற்றில் மிதக்கும் துகளில் குறைந்தது 95 வீதத்தைப் பிடிக்கும், அவ்வளவுதான். தின்னர் ஆவி துகள் இல்லை, வடிகட்டிக்குள்ளால் நேரே போய்விடும். அதற்கு மாஸ்க்கில் பொருத்தும், கரி நிரப்பிய கார்ட்ரிஜ் வேண்டும்.

திரும்பப் போனேன். "முகத்தில போட்ட சாமான் திருப்பி எடுக்கிறதில்ல" என்று சொல்லிவிட்டு, 7,500 ரூபாய்க்கு இரட்டைக் கார்ட்ரிஜ் மாஸ்க் ஒன்றை எடுத்து வைத்தார். கார்ட்ரிஜ் இரண்டும் சீல் இல்லாமல் வெறும் பொலித்தீன் பையில் கிடந்தன. திகதியும் இல்லை. தம்பியின் இருமலை நினைத்து அதையும் வாங்கிவிட்டேன். ஸ்ப்ரே அடிக்கத் தொடங்கி அரைமணி நேரத்தில் மாஸ்க்குக்குள்ளேயே தின்னர் மணம்.

கல்லடியில் பெயின்ட் வேலை செய்யும் அண்ணன் ஒருவர்தான் விஷயத்தைச் சொன்னார். கார்ட்ரிஜைத் திறந்து வைத்தால் கரி சும்மா இருக்கும்போதும் காற்றிலுள்ள ஆவியையும் ஈரத்தையும் இழுத்துக்கொண்டே இருக்குமாம். நம்முடைய கடற்கரைக் காற்றின் ஈரத்தைச் சொல்லவா வேண்டும்! சீல் உடையாத உறை, அதில் காலாவதித் திகதி, தின்னர் போன்ற கரைப்பான் ஆவிக்கு உரியது என்ற குறிப்பு மூன்றும் பார்க்கச் சொன்னார். நியோஷ் முறையில் அதற்குக் கறுப்பு நிறப் பட்டை, ஐரோப்பிய முறையில் பழுப்பு. ஸ்ப்ரேயில் பெயின்ட் துளியும் பறப்பதால் கார்ட்ரிஜுக்கு முன்னால் துகள் வடிகட்டியும் வேண்டும். ஹார்ட்னர் (கடினமாக்கி) கலந்து அடிக்கிற வாகனப் பெயின்ட்டுக்கு இந்த வகை மாஸ்க்கை நம்பவே கூடாது, அதிலுள்ள ஐசோசயனேட் என்ற நச்சு இரசாயனம் உள்ளே கசிந்தாலும் மணத்தால் தெரியாது என்றார்.

மாட்டிப் பார்க்கவும் காட்டித் தந்தார். இரண்டு கார்ட்ரிஜையும் உள்ளங்கையால் மூடி மெதுவாக மூச்சை இழுத்தால் மாஸ்க் முகத்தோடு ஒட்டி அப்படியே நிற்க வேண்டும். தம்பிக்கு நிற்கவில்லை, தாடி. அன்றைக்கே வழித்தான், அப்புறம்தான் ஒட்டியது.

என்னிடம் பில் இருந்தது. பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழைத்து முறையிட்டிருக்கிறேன். நீங்களும் பில் கேட்டு வாங்குங்கள். போன வெள்ளிக்கிழமை அந்தப் பக்கம் போனபோது அதே என்95 மாஸ்க் கடை வாசலில் கொத்தாகத் தொங்கியது. வயலுக்கு மருந்தடிக்க என்று சொல்லி ஒரு ஐயா இரண்டு வாங்கிக்கொண்டு நின்றார். கூப்பிட்டு, மருந்து ஆவியை இது தடுக்காது என்று சொல்லித் திருப்பிக் கொடுக்க வைத்தேன்.