ஹட்டனில் ஒரு காரும் 66 மாத லீசிங்கும்

மாதம் எவ்வளவு கட்ட வேண்டும்? 2019 பெப்ரவரியில் ஹட்டன் நகரில், கார் வாங்கப் பணம் போட்டு அதைத் தவணையில் வசூலிக்கும் ஒரு லீசிங் கம்பனியின் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து நான் கேட்டது இந்த ஒரு கேள்வியைத்தான். முப்பதாயிரம் என்றார்கள். சிவனொளிபாத மலைப் பருவம் களைகட்டியிருந்த நேரம். ரயிலில் வந்து இறங்குபவர்களை நல்லதண்ணிக்கு ஏற்றிச் செல்வதிலேயே அது வந்துவிடும் என்று மனக்கணக்குப் போட்டுக் கையெழுத்து வைத்தேன். பருவம் வெசாக்கோடு முடிந்துவிடும், தவணை பன்னிரண்டு மாதமும் வரும் என்பது அந்தக் கணக்கில் சேரவில்லை.

வங்கிக்குப் போகாமல் இல்லை. முதலில் அங்கேதான் போனேன். காணி உறுதி கேட்டார்கள். இல்லாவிட்டால் நிரந்தரச் சம்பளம் வாங்கும் இரண்டு பிணையாளர்கள். டிக்கோயாப் பக்கம் லயத்தில் பிறந்து வளர்ந்தவனுக்குக் காணி உறுதி எங்கிருந்து வரும்? வீட்டு இலக்கம்கூட இல்லாமல், தோட்டத்தின் பெயரையும் பிரிவையும் எழுதிக் கடிதம் வாங்கிப் பழகியவர்கள் நாங்கள். போதாததற்கு, பக்கத்து வீட்டுக்காரரின் ஓட்டோவுக்கு நான் போட்டிருந்த பிணைக் கையெழுத்து கடன் தகவல் பணியகத்தின் அறிக்கையில் என் பெயருக்கு நேராக நின்றது. எல்லோரும் 'கிரிப்' என்று சொல்கிறார்களே, அதுதான். கடன் வாங்குபவனின் பெயர் மட்டுமல்ல, பிணை நிற்பவனின் பெயரும் அதில் ஏறும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

லீசிங் கம்பனியில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. வீட்டைப் பார்க்க ஒருவர் வந்தார், இரண்டு படம் பிடித்தார், மூன்றாம் நாள் பணம் தயார். ஏற்கெனவே இலங்கையில் பதிவாகி ஓடிய சிறிய அல்டோ. விலை 17.5 இலட்சம், என் கையிலிருந்து 5.5, அவர்கள் 12.

ஒப்பந்தம் ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் இருந்தது. தமிழில் கேட்டேன், பிறகு தருவதாகச் சொன்னார்கள். இன்னும் வரவில்லை.

வட்டி "நூற்றுக்குப் பத்து" என்றுதான் சொன்னார்கள். 12 இலட்சத்துக்கு ஆண்டுக்கு 1.2 இலட்சம், ஐந்து ஆண்டுக்கு 6 இலட்சம், மொத்தம் 18 இலட்சத்தை அறுபதால் வகுத்தால் முப்பதாயிரம். பார்வைக்குச் சுத்தமான கணக்கு. ஆனால் நான் மாதாமாதம் முதலைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே வருகிறேன். வட்டியோ முதல் நாள் இருந்த 12 இலட்சத்துக்கே கடைசி வரை ஓடுகிறது. குறைந்து செல்லும் மீதிக்கு வட்டி போடும் வங்கிக் கணக்கில் சொன்னால் இந்தப் பத்து, ஏறக்குறைய 17.3 வீதம். அதே தொகையை வங்கியில் 15.5 வீதத்துக்கு எடுத்திருந்தால் தவணை 28,860 ரூபாய் அளவில் நின்றிருக்கும். பத்தைவிடப் பதினைந்தரை மலிவு என்பதை என் மனைவிக்குப் புரியவைக்க ஒரு கொப்பித்தாள் முழுவதும் தேவைப்பட்டது. எனக்கு அதற்கு முன்பே ஒரு வருடம் தேவைப்பட்டிருந்தது.

கார் வந்து இரண்டு மாதத்தில் ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகள். வெளிநாட்டுப் பயணிகள் அடியோடு நின்றுபோனார்கள். அடுத்த ஆண்டு மார்ச்சில் ஊரடங்கு. வாடகைக்கு ஓடும் வண்டி என்பதால் மத்திய வங்கி அறிவித்த ஆறு மாதச் சலுகை எனக்கும் கிடைத்தது. கிடைத்தபோது கும்பிட்டேன். அந்த ஆறு தவணையும் கடைசிக்குத் தள்ளப்பட்டன, மீதியாக இருந்த பத்து இலட்சத்துக்கு அந்த ஆறு மாத வட்டியும் தனியே சேர்ந்தது. சலுகை என்ற சொல்லுக்கு நான் வைத்திருந்த அர்த்தம் வேறு.

கம்பனியை மட்டும் குறை சொல்லக் கூடாது. ஹட்டன் கிளையில் இருந்த அதிகாரி நல்ல மனிதர். தவணை நாளுக்கு முன்பே போய் நின்றால், "அண்ணே, பாதியைக் கட்டிவிட்டுப் போங்கள், மீதியைப் பத்தாம் திகதிக்குள் பார்ப்போம்" என்பார். போகாமல் இருந்துவிட்டால்தான் கொழும்பிலிருந்து தொலைபேசி வரும். தாமதக் கட்டணமும் ஏறும், வசூலுக்கு வரும் பையன்களின் பேச்சும் மாறும்.

2022 என் கணக்கைத் தலைகீழாக்கியது. ஏப்ரலில் மத்திய வங்கி, மற்ற வட்டிகளுக்கெல்லாம் அடிப்படையான கொள்கை வட்டியை ஒரே நாளில் 7 வீதப் புள்ளி உயர்த்தியது. வங்கியில் மலிவாகக் கடன் எடுத்த கூட்டாளி ஒருவனின் பத்திரத்தில் வட்டி மாறக்கூடியது என்று ஒரு வரி இருந்திருக்கிறது. அவனுடைய தவணை ஏறிக்கொண்டே போனது. என் முப்பதாயிரம் அப்படியே நின்றது. அதற்காக நான் கெட்டிக்காரன் என்று ஆகிவிடாது. அந்த வரி என் பத்திரத்தில் இருந்திருந்தாலும் நான் படித்திருக்க மாட்டேன். எரிபொருள் தட்டுப்பாட்டில் கியூஆர் பங்கீடு வந்து காருக்கு வாரம் 20 லீற்றர் என்றானபோது, ஏறாமல் நின்ற அந்தத் தவணையைக் கட்டவே மூச்சு வாங்கியது.

அப்போதுதான் விற்றுவிடலாம் என்று தோன்றியது. 2020இலிருந்து இறக்குமதி நின்றிருந்ததால் பழைய அல்டோவுக்கு வாங்கிய விலைக்கு மேலேயே கேட்டார்கள். 36 தவணை கட்டியாயிற்று, அதாவது 10.8 இலட்சம். 12 இலட்ச முதலை அறுபது தவணைக்கும் சமமாகப் பங்கு போட்டுப் பார்த்தால், அந்த முதலில் 4.8 இலட்சம்தானே மீதி இருக்க வேண்டும்? கம்பனியின் தாளில் 6 இலட்சத்துக்கு மேல். தொடக்கத் தவணைகளில் பெரும்பகுதி வட்டிக்கே போகிறதாம். அதற்கு மேல் சலுகைக் கால வட்டி, முன்கூட்டி முடிப்பதற்கான கட்டணம். கையெழுத்து வைத்த அன்றைக்கே கேட்டிருக்க வேண்டிய எண் இது. விற்கவில்லை.

காப்புறுதியும் அவர்கள் கைகாட்டிய இடத்தில்தான் எடுக்க வேண்டும் என்றார்கள். மூன்றாம் ஆண்டு வெளியில் விலை கேட்டு, குறைந்த தொகைக்குக் கடிதம் கொண்டுபோய் நீட்டினேன். முணுமுணுத்துவிட்டு ஏற்றுக்கொண்டார்கள். முதல் ஆண்டே கேட்டிருக்கலாம்.

2024 ஓகஸ்டில் கடைசித் தவணை. அன்றே கார் என்னுடையதாகிவிடவில்லை. வாகனப் புத்தகத்தில் முழு உரிமையாளர் என்ற இடத்தில் கம்பனியின் பெயர் இருந்தது. நான் பதிவு உரிமையாளர் மட்டும். அவர்களிடமிருந்து விடுவிப்புக் கடிதம் வாங்கி, மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அந்தப் பெயரை நீக்க மூன்று நடை, ஏறக்குறைய இரண்டு மாதம்.

இப்போது அக்கா மகனுக்கும் கார் ஆசை. "மாமா, எங்கே வட்டி குறைவு?" என்றுதான் அவனும் தொடங்கினான். ஒரு சனிக்கிழமை அவனோடு மூன்று இடம் ஏறி இறங்கினேன். மூன்றிலும் ஒரே கேள்வி: "36 தவணை கட்டிய பிறகு முடித்தால் எவ்வளவு தர வேண்டும்? எழுதித் தாருங்கள்." முதல் இடத்தில் சிரித்தார்கள். இரண்டாவது இடத்தில், அதை அப்போது பார்த்துக்கொள்ளலாம் தம்பி என்று அவனைத் தட்டிக்கொடுத்தார்கள். மூன்றாவது இடத்துப் பெண் ஒன்றும் பேசாமல் அறுபது வரிகள் கொண்ட அட்டவணையை அச்செடுத்து, 36ஆவது வரியின் கீழே பேனாவால் கோடு போட்டுக் கொடுத்தார். அங்கே தவணை மற்ற இரண்டு இடங்களையும்விட 600 ரூபாய் கூடுதல். மருமகன் அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்; பஸ் வரும் வரைக்கும் இரண்டு முறை எடுத்துப் பார்த்தான்.