பிரெம்போ கிட்டா, பேட்டும் ஒயிலுமா? மலை இறங்கும் டபிள்யூஆர்எக்ஸின் பிரேக் கணக்கு

நுவரெலியாவில் இருந்து றம்பொடை வழியாகக் கம்பளைக்கு இறங்கும்போது உயரம் ஏறக்குறைய 1,400 மீட்டர் குறைகிறது. ஆட்களோடு சேர்த்து 1,600 கிலோ நிறையுள்ள ஒரு சுபாரு இம்ப்ரெஸா டபிள்யூஆர்எக்ஸ் அந்த இறக்கத்தில் கழிக்க வேண்டிய சக்தி 22 மெகாஜூல். அதே வண்டியை 100 கிலோமீட்டர் வேகத்தில் இருந்து ஒருமுறை நிறுத்த 0.6 மெகாஜூலுக்குச் சற்று மேல்தான் ஆகும். ஆக, றம்பொடை இறக்கம் என்பது 100இல் இருந்து 35 தடவை நிறுத்துவதற்குச் சமம். எஞ்சினும் காற்றும் ஒரு பங்கைத் தாங்கும். மிச்சச் சூடெல்லாம் டிஸ்க்குக்கும் பேட்டுக்கும்தான்.

இதற்கு இரண்டு வழி உண்டு. இதே வண்டியின் வேக ரகமான எஸ்டிஐயின் நான்கு பிஸ்டன் பிரெம்போ கலிபரை (பேட்டை டிஸ்க்கோடு அழுத்தும் பகுதி) 326 மில்லிமீட்டர் டிஸ்க்கோடு முன்பக்கம் ஏற்றலாம். அல்லது வண்டியோடு வந்த கலிபரையும் 294 டிஸ்க்கையும் வைத்துக்கொண்டு பேட், ஹோஸ், பிரேக் ஒயில் மூன்றையும் மாற்றலாம். நாங்கள் எடுத்தது இரண்டாவதை. இந்த அலசலும் அந்தப் பக்கமே சாயும்.

பிரெம்போவின் பலம் தெரிந்ததுதான். 30 மில்லிமீட்டர் தடிப்புள்ள பெரிய டிஸ்க் கூடுதல் சூட்டை உள்வாங்கும், மிதி இறுக்கமாக இருக்கும். ஆனால் 16 அங்குல ரிம் உள்ளே போகாது, 17 வேண்டும். 205/55 டயர் இருந்த இடத்தில் பக்கச்சுவர் குறைந்த 215/45 வந்தால், தோட்டத்து வீதிக் குழிகளில் அடிபடுவது ரிம்தான். 2005 மாடலில் இருந்து எஸ்டிஐ டிஸ்க்கில் போல்ட் வட்டம் (சக்கர போல்ட்டுகள் அமைந்த வட்டத்தின் விட்டம்) 114.3 மில்லிமீட்டர், இந்த டபிள்யூஆர்எக்ஸுக்கு 100 வேண்டும். கொழும்பில் பழைய உதிரிப்பாகம் விற்கும் பஞ்சிகாவத்தையில் செட்டாக வாங்கும்போது பலர் கோட்டை விடுவது இதில்தான்.

எது தேவை என்று தீர்மானிக்குமுன் வண்டிக்கு எந்த நோய் என்று பார்க்க வேண்டும். இறக்கத்தின் பாதியில் மிதி கல்லாக நிற்கிறது, ஆனால் வண்டி பிடிக்கவில்லை என்றால் பேட் தன் சூட்டு எல்லையைத் தாண்டிவிட்டது. மிதி பஞ்சுபோல் அமுங்கித் தரைவரை போகிறது, ஆறியதும் பழையபடி வருகிறது என்றால் ஒயில் கொதித்திருக்கிறது: குழாய்க்குள் உண்டான நீராவிக் குமிழிதான் அமுங்குகிறது. மலைநாட்டில் இந்த இரண்டாவதையே அஞ்ச வேண்டும்.

டொட் 4 ரகப் பிரேக் ஒயிலின் கொதிநிலைக்குத் தர நிர்ணயம் வைக்கும் கீழெல்லை, புதிதாக இருக்கும்போது 230 பாகை. நூற்றுக்கு 3.7 பங்கு நீர் சேர்ந்ததும் அது 155க்கு இறங்குகிறது. டொட் 5.1இல் இதே எண்கள் 260, 180. டொட் 3 ஆனால் 205, 140 மட்டுமே. அந்த நீர் எங்கிருந்து வருகிறது? ரப்பர் ஹோஸின் சுவர் வழியாகவும் ஒயில் தாங்கி மூடியின் துவாரம் வழியாகவும் காற்றின் ஈரம் உள்ளே போகிறது. வருடத்துக்கு 5,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் வட்டவளைப் பக்கத்திலும், மாதக்கணக்கில் மூடுபனி நிற்கும் நானுஓயாவிலும் ஓடும் வண்டிக்கு, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும் என்ற கணக்கு செல்லாது. மாற்றும் நாளை வருடத்துக்கு ஒன்றாக வையுங்கள். தென்மேல் பருவமழை ஓய்ந்தபின், ஒக்டோபரில் செய்வது நல்லது. பிரெம்போ பூட்டிய வண்டியிலும் உள்ளே ஓடுவது இதே ஒயில்தான். மூன்று வருடப் பழைய டொட் 4ஐ வைத்துக்கொண்டு 326 டிஸ்க் போடுவது கூரை ஒழுக வாசலுக்கு வர்ணம் பூசுவது போன்றது.

முழுதாக மாற்ற ஒரு லீட்டர் போதும். தாங்கியில் உள்ள பழையதை உறிஞ்சி எடுத்துப் புதியதை ஊற்றி, கம்பனிக் கையேட்டில் உள்ள சக்கர வரிசைப்படி, தெளிவான நிறம் வரும்வரை ஒவ்வொரு சக்கரத்திலும் பழைய ஒயிலை வெளியே விடுங்கள். தாங்கி வற்றவே கூடாது. காற்று ஏபிஎஸ் யூனிட்டுக்குள் போனால் எடுப்பது பெரும்பாடு. டொட் 5 சிலிக்கன் ஒயில், பெயர் 5.1ஐ ஒத்திருந்தாலும் வேறு சாதி, கலக்கவே கூடாது. ஹோஸுக்கு உள்ளே டெஃப்லோன், வெளியே எஃகுப் பின்னல் உள்ளதை எடுங்கள். ஈரமும் குறைவாகவே ஊடுருவும். ஹோஸைக் கலிபரோடு பூட்டும் பாஞ்சோ போல்ட்டுக்குப் பழைய செப்பு வாஷரையே திரும்பப் போடும் மெக்கானிக் பாஸிடம் வேலையைக் கொடுக்காதீர்கள். வேலை முடிந்ததும் ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுதாகத் திருப்பி, ஹோஸ் எங்கும் உரசுகிறதா என்று பாருங்கள்.

ஸ்லைட் பின் (கலிபர் நகர உதவும் கம்பி) உள்ள கலிபர் என்றால் அந்தப் பின்னைக் கழற்றிச் சுத்தம் செய்து சிலிக்கன் கிரீஸ் போட வேண்டும். சாதாரண கிரீஸ் ரப்பரை ஊத வைக்கும், ஸ்லைட் பின் இறுகும், ஒரு பக்கப் பேட் மட்டும் தேயும். 24 மில்லிமீட்டர் டிஸ்க் 22க்கு வந்துவிட்டால் அதையும் மாற்றிவிடுங்கள்.

பேட்டில் பந்தய ரகம் வேண்டாம். ஜனவரி விடியலில் நுவரெலியாவில் முதல் வளைவிலேயே அது வழுக்கும், சூடேறும்வரை பிடிக்காது. ஃபெரோடோ டிஎஸ்2500 மாதிரி வீதிக்கும் வேகத்துக்கும் இடைப்பட்ட ரகம் போதும். புதுப் பேட்டை டிஸ்க்கோடு பழக்க, 18 வளைவு மலைவீதிக்குக் கீழே மகியங்கனைப் பக்கத்துச் சமதரை போன்ற, வாகனம் குறைந்த வீதி நல்லது: 60இல் இருந்து 15க்கு எட்டுப் பத்துத் தடவை, முழுதாக நிறுத்தாமல், பிறகு பிரேக்கைத் தொடாமல் பத்து நிமிடம் ஓட்டி ஆறவிடுங்கள்.

ஏப்ரலில் மாகாஸ்தோட்டை, ரதல்ல ஏற்றப் போட்டிகளில் பெரிய கலிபர்களைப் பார்த்து ஆசைப்படுவது இயல்பு. ஆனால் ஏறும் வண்டிக்குச் சரிவே பாதி பிரேக். எங்களுக்குக் கவலை இறங்கும் வழியைப் பற்றித்தான்.

பவர் கூட்டி, சுற்றுப் பாதையில் சுற்றுச் சுற்றாக ஓட்டுபவருக்கு இந்தக் கணக்கு மாறும். 294 டிஸ்க் அங்கே ஈடுகொடுக்காது, பிரெம்போதான் சரி. அப்படியானால் முன்னுக்கு மட்டும் போட்டு நிறுத்தாதீர்கள். பிரேக் பாரம் முன்னே கூடி, ஈர வீதியில் முன்சக்கரங்கள் முந்திப் பூட்டப் பார்க்கும், பின் பிரேக்கின் வேலை வீணாகும். பின்பக்க 316 டிஸ்க்கையும் ஏற்றுவதானால் ஹேண்ட்பிரேக் டிரம் 170இல் இருந்து 190க்கு மாறும். பின்தகடும் ஷூவும் சேர்த்தே வாங்க வேண்டும்.