பட்டியலைப் புரட்டுவதா, புரட்டிய நகல் எடுப்பதா? பைத்தானின் மூன்று வழிகள்

பைத்தான் நிரல்மொழியில் ஒரு பட்டியலைத் தலைகீழாக்க மூன்று வழிகள் வழக்கத்தில் உள்ளன. பட்டியலுக்கே உரிய ரிவர்ஸ்() பழையது. 2003-இல் 2.3 பதிப்பு வந்தபோது பின்னிருந்து முன்னாக எடுக்கும் [::-1] என்ற எழுதுமுறை பட்டியல்களுக்கும் செல்லுபடியானது. அடுத்த ஆண்டு, 2.4 பதிப்பில் ரிவர்ஸ்டு() சேர்ந்தது. இவற்றில் எது வேகமானது என்று அளப்பதிலேயே பலர் பொழுதைக் கழிக்கிறார்கள். அந்தப் பட்டியலை நிரலில் வேறு யார் பயன்படுத்துகிறார்கள் என்று பார்ப்பதே முதல் வேலை என்பேன்.

ரிவர்ஸ்() இருக்கும் இடத்திலேயே புரட்டும். முதல் உறுப்பும் கடைசி உறுப்பும் இடம் மாறும், பிறகு அவற்றுக்கு அடுத்தவை, இப்படியே நடுப்பகுதி வரை. இன்னொரு பட்டியலுக்கு நினைவகம் தேவையில்லை. சிக்கல் இங்கே வருகிறது:

நகல் = பட்டியல்
நகல்.ரிவர்ஸ்()

முதல் வரியில் நகல் எதுவும் உருவாகவில்லை; இருக்கும் பட்டியலுக்கு இரண்டாவது பெயர் கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான். ஆகவே மூலமும் சேர்ந்தே புரண்டுவிடும். தவிர, ரிவர்ஸ்() எதையும் திருப்பித் தராது. பட்டியல் = பட்டியல்.ரிவர்ஸ்() என்று எழுதினால் அந்தப் பெயரில் எஞ்சுவது, ‘எதுவுமில்லை’ என்பதைக் குறிக்கும் ‘நன்’ (None) மட்டுமே. ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் இதே பெயருள்ள வழிமுறை மூலத்தையும் புரட்டும், அதையே திருப்பியும் தரும். அங்கிருந்து வருபவர்கள் இங்கே தடுமாறுவது இயல்பு. எனக்குப் பைத்தானின் பிடிவாதமே பிடித்திருக்கிறது. கையில் ஒன்றும் கிடைக்காதபோது, புது நகல் கிடைத்ததாக யாரும் மயங்க வழியில்லை.

[::-1] புதிய பட்டியலையே தருகிறது; மூலம் அப்படியே இருக்கும். 64 பிட் கணினியில் ஓர் உறுப்புக்கு 8 பைட் வீதம், 10 லட்சம் உறுப்புகளுக்குச் சுமார் 80 லட்சம் பைட் கூடுதலாகச் செலவாகும். நிரலின் மற்றொரு செயற்கூறு (ஃபங்ஷன்) கொடுத்த பட்டியல் என்றால் தயங்காமல் இந்தச் செலவைச் செய்யலாம். எழுத்துகளின் தொடரான சரங்களுக்கும் இது பொருந்தும், ஆனால் தமிழில் கவனம் தேவை. ‘விகடகவி’ நமக்கு ஐந்து எழுத்து. பைத்தானுக்கோ ஏழு குறியீடுகள், ஏனெனில் இகரக் குறி தனியாக எண்ணப்படுகிறது. புரட்டினால் அந்தக் குறி மெய்யெழுத்தின் துணையின்றி முன்னால் வந்து நிற்கும். இருபக்கமும் ஒன்றாகப் படிக்கப்படும் சொல்லை ‘இல்லை’ என்று கணினி மறுத்துவிடும்.

ரிவர்ஸ்டு() தருவது பட்டியல் அன்று, கடைசியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துத் தரும் இட்டரேட்டர். மடக்கில் (லூப்) பின்னிருந்து முன்னாக ஓடுவதற்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை. ஒருமுறை ஓடி முடித்தால் தீர்ந்தது. இரண்டாவது மடக்கில் ஒன்றும் வராது, பிழைச் செய்தியும் வராது. நீளம் கேட்டால் மட்டும் பிழை காட்டும். இது மூலப் பட்டியலையே நேரடியாகப் பார்ப்பதால், இடையில் மூலத்தில் ஓர் எண்ணை மாற்றினால் மாறிய எண்ணே வந்து சேரும்.

புரட்டாமல் நகல் மட்டும் போதுமென்றால் [:], லிஸ்ட்(), 2012-இல் 3.3 பதிப்போடு வந்த காப்பி() ஆகிய மூன்றும் ஒரே பலனைத் தருகின்றன. படிக்க எளிது என்பதால் காப்பி()-யைத் தேர்வேன். மூன்றும், [::-1]-உம்கூட, மேலோட்டமான நகல்களே; வெளிப் பட்டியல் மட்டுமே புதிது, உள்ளிருப்பவை பழையவையே. ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு மதிப்பெண் பட்டியல் வைத்து, அவற்றையெல்லாம் ஒரு பெரிய பட்டியலில் அடுக்கியிருந்தால், நகலில் ஒரு மதிப்பெண்ணைத் திருத்தியதும் மூலத்திலும் அது திருத்தப்பட்டிருக்கும். அடுக்குகளின் அடிவரை தனி நகல் வேண்டுமானால் டீப்காப்பி()தான். அது மெதுவானது, ஆனால் ஏற்கெனவே நகலெடுத்ததைக் குறித்துவைத்துக்கொள்வதால், தன்னையே உள்ளடக்கிய பட்டியலிலும் முடிவின்றிச் சுழலாது.

எண் கணக்கீடுகளுக்கான பைத்தான் நூலகமான நம்பையின் (NumPy) அணிகளில் இந்தக் கணக்கு மாறிவிடும். அங்கே [::-1] தரவை நகலெடுப்பதே இல்லை. அதே தரவை எதிர்த்திசையில் காட்டுகிறது. புரட்டிய அணியில் ஓர் எண்ணை மாற்றினால் மூலமும் மாறும். தனி நகல் வேண்டுமென்றால் இறுதியில் .காப்பி() சேர்த்தே ஆக வேண்டும்.