தாவரவியல் பூங்காவா, பள்ளி வளாகத்து மரமா?

இயற்கைக் கல்வி என்றதும் பள்ளிகளுக்கு முதலில் ஞாபகம் வருவது பேருந்துதான். பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போய் பூங்காவைச் சுற்றிக் காட்டி, புல்வெளியில் உட்கார வைத்துச் சாப்பாடு கொடுத்து, ஒரு குரூப் போட்டோவும் எடுத்துவிட்டால் அந்த வருடத்துக் கடமை தீர்ந்தது. உண்மையில் இதில் மூன்று வழிகள் இருக்கின்றன: பூங்காவின் வழிகாட்டியோடு சுற்றுவது, ஆசிரியரே பூங்காவைக் காட்டுவது, எங்கும் போகாமல் பள்ளி வளாகத்திலேயே பாடம் நடத்துவது. மூன்றாவதை யாரும் ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்வதில்லை.

முதலில் பூங்காவின் பலத்தைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கக் கண்டங்களைச் சேர்ந்த கேக்டஸும் ஆப்பிரிக்காவின் யூஃபோர்பியாவும் (ஒடித்தால் பால் வடியும் கள்ளி வகை) அங்கே ஒரே கண்ணாடி வீட்டில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். இரண்டுக்கும் தடித்த தண்டு, முள், விலா எலும்பு மாதிரியான பச்சை மேடுகள். அண்ணன் தம்பி என்றே பிள்ளைகள் அடித்துச் சொல்வார்கள். கிட்டப் போய்ப் பார்த்தால் கேக்டஸின் முட்கள் பஞ்சு மாதிரியான சின்னப் புள்ளிகளிலிருந்து கொத்தாகக் கிளம்பும், யூஃபோர்பியாவில் அந்தப் பஞ்சுப் புள்ளி இருக்காது, பல வகைகளில் முட்கள் இரண்டிரண்டாக நிற்கும். நெருங்கிய உறவே இல்லாத இரண்டு குடும்பங்கள், வறட்சி என்ற ஒரே நெருக்கடிக்கு ஒரே மாதிரி உடம்பை வளர்த்துக்கொண்டிருக்கின்றன. பரிணாமத்தை இவ்வளவு சுலபமாகக் கண்ணில் காட்ட எந்தப் பள்ளி மைதானத்தாலும் முடியாது. (யூஃபோர்பியாவின் பால் கண்ணில் பட்டால் ஆபத்து, ஒடித்துப் பார்க்க விடாதீர்கள். அரளியும் ஊமத்தையும் பூங்காவில் அழகாகத்தான் இருக்கும், அவையும் விஷம்.)

பெயர்ப் பலகையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பல பூங்காக்களில் அதில் ஒரு பதிவு எண் இருக்கும், பெரும்பாலும் அந்தச் செடி வந்து சேர்ந்த வருடத்தில்தான் தொடங்கும். 'நீ பிறப்பதற்கு முன்னால் வந்த செடியைக் கண்டுபிடி' என்று சொல்லிப் பாருங்கள், பலகையைத் திரும்பியே பார்க்காத பிள்ளைகூட ஓடிப்போய்ப் படிக்கும்.

சரி, சிக்கல் எங்கே? புது இடம் என்பதுதான் சிக்கல். ஃபால்க், மார்ட்டின், பாலிங் ஆகிய ஆய்வாளர்கள் 1978-லேயே இதைச் சொல்லிவிட்டார்கள்: பழக்கமில்லாத இடத்துக்குப் போகும் குழந்தைகளின் கவனம் அந்த இடத்தைப் புரிந்துகொள்வதிலேயே செலவாகிவிடுகிறது, பாடத்துக்கு மிஞ்சுவது குறைவு. கழிப்பறை எங்கே, சாப்பாடு எப்போது, அந்தக் குளத்தில் மீன் இருக்கிறதா? குழந்தையின் மனதில் ஓடுவது இதுதான், அதில் தப்பும் இல்லை. முன்கூட்டியே வரைபடத்தைக் காட்டி, என்னென்ன நடக்கும் என்று சொல்லி அழைத்துப்போன மாணவர்கள் அதிகம் கற்றதை ஓரியனும் ஹாஃப்ஸ்டைனும் 1994-இல் எழுதினார்கள். இதற்குப் பெரிய செலவொன்றும் இல்லை, முந்தின நாள் ஒரு பீரியட் போதும். அதைத்தான் பெரும்பாலான பள்ளிகள் செய்வதில்லை.

வழிகாட்டியா ஆசிரியரா என்றால் என் ஓட்டு பாதிப் பாதி. இன்று எது பூத்திருக்கிறது, எந்த மூலையில் குடுவைத் தாவரம் பூச்சி பிடித்து வைத்திருக்கிறது என்பதெல்லாம் வழிகாட்டிக்குத்தான் தெரியும். ஆனால் நாற்பது பேர் வரிசையில் போனால் முன்னால் நிற்கும் பத்துப் பேருக்குத்தான் அவர் பேசுவது காதில் விழும், பின்வரிசை தனி உலகத்தில் இருக்கும். ஆசிரியருக்குச் செடியின் பெயர் தெரியாமல் போகலாம், எந்தப் பிள்ளை எதில் தொலைந்து நிற்கிறது என்பது தெரியும். முதல் அரை மணி வழிகாட்டி, அப்புறம் சின்னக் குழுக்களாகப் பிரித்து ஆளுக்கொரு கேள்வி என்று விடுவதுதான் நான் பார்த்ததில் உருப்படியான ஏற்பாடு. கையில் கொடுக்கும் வினாத்தாளைப் பற்றி ஒரே வரி: பெயரை நிரப்பச் சொன்னால் பலகையைப் பார்த்து எழுதுவார்கள், வரையச் சொன்னால்தான் செடியைப் பார்ப்பார்கள்.

இனி பள்ளி வளாகம். தொட்டாற்சிணுங்கியையே எடுத்துக்கொள்ளுங்கள். பூங்காவில் முதல் மூன்று பேர் தொட்டதும் எல்லா இலையும் மூடிக்கொள்ளும், நான்காவது குழந்தைக்குக் கிடைப்பது வாடிப்போன மாதிரி ஒரு செடி; அது திரும்ப விரிய எத்தனையோ நிமிடம் ஆகும், அதற்குள் வரிசை நகர்ந்திருக்கும். பள்ளி வேலியோரம் அதே செடி இருந்தால் உட்கார்ந்து கடிகாரம் பார்க்கலாம், நாளைக்கும் வந்து பார்க்கலாம். இலைக்காம்பின் அடியிலுள்ள புடைப்பில் ஒரு பக்கத்துச் செல்களிலிருந்து தண்ணீர் வெளியேறுவதால்தான் இலை மடிகிறது, அது திரும்ப ஏறினால் விரிகிறது என்பதை அப்போது சொன்னால் மண்டையில் ஏறும். ஒரு மரத்தின் தளிர் செம்பாக விரிந்து பச்சையாவது, பூ காயாவது, எறும்பு எந்தப் பக்கமாக ஏறுகிறது என்பதெல்லாம் பல வாரக் கதைகள். பூங்கா பல செடிகளை ஒரே நாளில் காட்டும், வளாகத்து மரம் ஒரே செடியைப் பல நாள் காட்டும்.

அதனால் எட்டு வயதுக்குக் கீழே என்றால் நான் யோசிக்காமல் வளாகத்து மரத்தைத்தான் சொல்வேன், பேருந்துக் காசுக்கு ஆளுக்கொரு கைலென்ஸ் வாங்கிக் கொடுங்கள். அதற்கு மேற்பட்ட வகுப்புகளுக்குப் பூங்கா சரி, ஆனால் மரத்தைச் சில மாதம் பார்த்துப் பழகிய பிறகு, 'நம்ம மரத்தில் இல்லாத எது இங்கே இருக்கிறது?' என்ற ஒற்றைக் கேள்வியோடு. மரமே இல்லாத பள்ளி என்றால் பக்கத்திலுள்ள சின்னப் பூங்காவுக்கே திரும்பத் திரும்பப் போகலாம், மூன்றாவது தடவை போகும்போது கழிப்பறை எங்கே என்று யாரும் கேட்க மாட்டார்கள்.