நீர்வேலிப் புல்லுத் தோட்டத்தில் பார்த்தீனியம்: 5 வருச அனுபவம்

யாழ்ப்பாணம் நீர்வேலியில், மூன்று பசுக்களுக்காக நாலு பரப்பில் (கால் ஏக்கரளவு) சி.ஓ.3 என்ற தீவனப் புல்லு வைத்திருக்கிறேன். 2019 மாரியில், லொறியில் வாங்கிப் பரவிய எரு விழுந்த இடங்களில் மட்டும் கரட் இலை மாதிரி ஒரு கன்று, நிலத்தோடு ஒட்டி வட்டமாகக் கிடந்தது. கரட் விதைதான் எருவோடு வந்திருக்கும் என்று விட்டுவிட்டேன். பக்கத்துத் தோட்டத்து ஐயா கண்டுவிட்டு, "தம்பி, உது பார்த்தீனியம். பூக்க முதல் புடுங்கு" என்றார். வேகமாகப் பரவும் நச்சுக் களை அது. நான் இரண்டு கிழமை பிந்திவிட்டேன், அதற்குள் வெள்ளையாகப் பூத்துவிட்டது. ஒரு நல்ல செடி 15,000 முதல் 25,000 விதை வரை கொட்டும், அது மண்ணில் பல வருசம் கிடந்து முளைக்கும்.

அடையாளம் பிடிக்கச் சிரமமில்லை. கரட் இலையைக் கசக்கினால் கரட் மணம் வரும், இதில் வராது. இலையில் மெல்லிய மயிர் இருக்கும், வளர்ந்தால் தண்டில் நீளவாட்டில் வரிவரியாகக் கோடு தெரியும். பூ சின்னன், வெள்ளை, ஐந்து மூலை.

முதல் வருசம் புல்லோடு சேர்த்து அரிந்தேன். இதைவிடப் பிழையான வேலை இல்லை. சி.ஓ.3 ஐ 45 நாளுக்கு ஒருக்கால் அரிகிறோம், பார்த்தீனியம் முளைத்து ஒரு மாதம், ஒன்றரை மாதத்திலேயே பூத்துவிடும், ஆக ஒவ்வொரு அரிவுக்கும் அது முந்திவிடுகிறது. வெட்டின அடியில் இருந்து நாலைந்து கிளை வெடித்து, அரிவாளுக்கு எட்டாத பதிவில் பூக்கிறது. அந்தப் புல்லைத் தின்ற மாட்டின் பாலும் கசந்தது. பால் எடுக்கிற இரண்டு வீட்டில் தேத்தண்ணி கசக்குது என்று சொன்ன பிறகுதான் எனக்கு விளங்கியது.

அடுத்தது உப்புத் தண்ணி. 5 லீற்றருக்கு 1 கிலோ உப்பு, வெயில் நேரம் பார்த்து அடித்தேன். இரண்டு நாளில் இலை கருகியது உண்மை. ஆனால் கரைப்புல்லும் சேர்ந்து கருகியது, கிணறு முப்பது அடி தள்ளித்தான் இருக்கிறது. எங்கட சுண்ணாம்புக்கல் நிலத்தில் மேலே ஊற்றினது கீழே இறங்க எவ்வளவு நேரம்? ஒரு தரத்தோடு விட்டுவிட்டேன், வேறு ஒருவருக்கும் சொல்லவும் மாட்டேன். கிளைபோசேட் அடித்தால் புல்லும் சாகும், அதனால் அந்தப் பக்கமே போகவில்லை.

பலித்தது கைப்பிடுங்கல்தான். ஐப்பசி மழை விழுந்து மண் இளகினதும் தொடங்கி மார்கழி முடியும்வரை, பத்து நாளுக்கு ஒருக்கால், கன்று வட்டமாகக் கிடக்கும்போதே வேரோடு இழுக்க வேண்டும். புல்லடியில் நெருங்கி நிற்பதை உழவார நுனியால் கிளப்பலாம். கையுறையும் முகக்கவசமும் இல்லாமல் இறங்கக் கூடாது. மனைவிக்கு முழங்கை வரை சிவந்து தடித்து, மாறப் பல கிழமை ஆனது. காய்ந்த செடியும் தோலைக் கடிக்கும், அதனால் கோடைக்குக் காயவைத்து அடுக்கும் புல்லை இப்போது பிடிபிடியாகப் பிரித்துப் பார்த்துத்தான் கட்டுகிறேன். பூக்காத கன்று கூட்டெருவுக்குப் போகலாம். பூத்ததை நின்ற இடத்திலேயே சாக்கில் போட்டுக் கட்டி, ஆழமாகத் தாட்டுவிடுகிறேன், தோளில் தூக்கி நடந்தால் வழி நெடுக விதைதான்.

2021 இல் இருந்து இன்னும் இரண்டு வேலை. வெளியில் வாங்கும் எருவை உடனே பரவாமல், ஓர் ஓரத்தில் மெல்லிசாக விரித்துத் தண்ணி தெளித்து, மூன்று கிழமை பார்த்திருந்து, முளைத்ததைப் பிடுங்கிவிட்டுத்தான் போடுகிறேன். புல்லு செத்த இடைவெளிகளில் உடனுக்குடன் புதுத் துண்டம் நடுகிறேன், ஏனென்றால் நெருங்கின புல்லு நிழலில் இந்தக் கன்று தலையெடுப்பதில்லை. நான் செய்ததில் மிகக் குறைந்த செலவில் கூடுதல் பலன் தந்தது இந்த நடுகைதான்.

2020 மாரியில் ஒரு பிடுங்கலுக்கு ஏழெட்டு உரப்பை நிறைந்தது. போன மாரியில் முழுத் தோட்டத்துக்கும் ஒரு கடகம் காணும். ஒழுங்கைக் கரை மட்டும் இன்னும் அடங்கவில்லை. எதிர் வளவு ஆளில்லாத வளவு, அங்கே இடுப்பளவுக்குப் பூத்து நிற்கிறது. சொந்தக்காரர் வெளிநாட்டில். தொலைபேசியில் கேட்டு அனுமதி வாங்கிவிட்டேன், வருகிற ஐப்பசியில் அதையும் சேர்த்துப் பிடுங்கப் போகிறேன்.