யுகுலேலே கத்துக்க வாராவாரம் கிளாஸா, மாச சேலஞ்சா?

யுகுலேலேங்கறது கிதார் மாதிரி நாலு கம்பி இருக்கற சின்னக் கருவி. அத கத்துக்க வாராவாரம் கிளாஸ் போறது, மாசத்துக்கு ஒரே பயிற்சிய எடுத்து நாமளே தினம் வாசிக்கற சேலஞ்ச், ரெண்டுமே பண்ணி பாத்துட்டு இப்ப நான் சேலஞ்ச் கட்சி, அத முதல்லயே சொல்லிடறேன். செலவு, நேரம் பத்திலாம் பெருசா பேச ஒண்ணுமில்ல, கிளாஸுக்கு ஃபீஸ் கட்டணும், சேலஞ்சுக்கு சுருதி சேக்கற ட்யூனர் ஆப்பும், தாளத்துக்கு டிக் டிக்னு அடிக்கற மெட்ரோனோமும் இருந்தா போதும்.

என் முடிவ மாத்தினது ஒரே விஷயம், கார்ட் (சில ஸ்வரங்கள சேத்து ஒண்ணா வாசிக்கறது) மாத்தறது. யுகுலேலேல கார்ட் பிடிக்கறது ஈஸி, சி கார்டுக்கு ஒரு விரல், ஏ மைனருக்கு ஒரு விரல். ஒண்ணுலேந்து இன்னொண்ணுக்கு தாளம் நிக்காம போறதுதான் கஷ்டம். கிளாஸ்ல வாராவாரம் புதுப் பாட்டு, புது கார்ட்னு ஓடிட்டே இருக்கும், போன வாரம் சொன்னது விரல்ல உட்கார்றதுக்குள்ள அடுத்தது வந்துடும், நிறைய பேர் கிளாஸுக்கு முந்தின நாள் ராத்திரிதான் கருவியவே தொடுவாங்க. சேலஞ்ச்ல மாசத்துக்கு ஒரே வேலை. என்னோட முதல் மாசம் சி, ஏ மைனர், எஃப், ஜி7, இந்த நாலையே சுத்தி சுத்தி வாசிக்கறது, மெட்ரோனோம் 60-ல (நிமிஷத்துக்கு 60 அடி), தினம் பதினஞ்சு நிமிஷம்.

இப்படி ஒரே இடத்துல நின்னாதான் சில விஷயம் கண்ணுல படும். ஏ மைனர்லேந்து எஃப்க்கு போகும்போது நடுவிரல எடுக்கவே வேண்டாம், ஆள்காட்டி விரல மட்டும் சேத்தா போதும். எஃப்லேந்து ஜி7க்கு அந்த ஆள்காட்டி விரல் ஈ கம்பில முதல் ஃப்ரெட்லயே (கருவியோட கழுத்துல குறுக்கா இருக்கற கட்டம்) நிக்கும். ஜி7லேந்து சிக்கு மோதிர விரல் ஏ கம்பிலயே ஒரு ஃப்ரெட் சறுக்கினா வந்துடும். சிலேந்து ஏ மைனருக்கு மட்டும்தான் பிடிமானம் கிடையாது, அதனால அந்த ஒரு மாத்தத்த தனியா எடுத்து மெதுவா பண்ணணும். இத யாரும் சொல்லித் தரலாம்தான், ஆனா தெரிஞ்சுக்கறது வேற, யோசிக்காம கை தானா போறது வேற, அது தினமும் கொஞ்சம் கொஞ்சமா வாசிச்சாதான் வருது. 2017-ல வயலின் கலைஞர் ஹிலாரி ஹான் நூறு நாள் பயிற்சினு ஆரம்பிச்சு மேடை வாசிப்புக்கு பதிலா வெறும் சாதகத்த வீடியோவா போட்டாங்க, அவ்வளவு பெரிய கலைஞரே துண்டு துண்டா எடுத்து திரும்பத் திரும்ப வாசிக்கறத பாத்தா நமக்கும் தெம்பு வரும்.

கிளாஸ் ஜெயிக்கற இடமும் இருக்கு. மணிக்கட்டு மடங்குறது, கட்டைவிரல் எங்க நிக்குதுங்கறது நமக்குத் தெரியாது, பக்கத்துல இருந்து பாக்கறவங்களுக்குதான் தெரியும். நைலான் கம்பிய ரொம்ப அழுத்தினா சுருதி ஏறிடும், அத ஒரு நல்ல வாத்தியார் உடனே பிடிச்சுடுவார். ஃபிங்கர்பிக்கிங்கும் (கம்பிகள விரலால தனித்தனியா மீட்டறது) வாத்தியார்கிட்ட கத்துக்கறதுதான் நல்லதோன்னு தோணுது, அதுல எனக்கு அனுபவம் கம்மி. சின்னப் பசங்களுக்கு சேலஞ்ச் ஒத்து வருமாங்கறதும் உறுதியா சொல்ல மாட்டேன்.

புதுசா ஆரம்பிக்கறவங்க முதல்ல ஒரு தடவை வாத்தியார்கிட்ட கை பிடிப்ப சரி பாத்துக்கிட்டு சேலஞ்ச்ல இறங்குங்க. நடுவுல ஒரு நாள் விட்டுப்போச்சுனா மறுநாள் டபுளா வாசிக்காதீங்க, விட்ட இடத்துலேந்து போங்க. ரெண்டாவது மாசத்துக்கு பி ஃப்ளாட் கார்ட் வச்சுக்கலாம், ஆள்காட்டி விரலால ரெண்டு கம்பிய சேத்து அமுக்கணும், அதுக்கு முழு மாசமும் குடுத்தா தப்பே இல்ல.